பசுவின் மூக்கில் மை

என் பெயர் ஒரு புத்தகத்தில் ஏற வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். கதைப் புத்தகம் இல்லை. கலப்பில்லாத மாட்டினங்களின் வம்சப் பதிவேடு. அதில் மாட்டின் பெயருக்கு எதிரே உரிமையாளர் பெயரும் ஏறும். கன்று, கன்றின் கன்று என்று எத்தனை தலைமுறை போனாலும் அந்தப் பெயர் கூடவே போகும். எங்கள் வீட்டில் மின்கட்டண ரசீது முதல் வாசல் பலகை வரை என் பெயர் இரண்டாவதுதான். ஒரு இடத்திலாவது முதலில் வர வேண்டாமா?

பசு அப்பழுக்கில்லாத இனம். மாமனார் கொடுத்தது என்பதை மட்டும் நான் வெளியே சொல்வதில்லை. நிறைசினை. கன்று போடுவதற்குள் பதிந்தாக வேண்டும்.

பதிய இரண்டு சங்கங்கள். பழைய சங்கம் மாட்டின் பூட்டன் வரை விசாரிக்கும். ஆள் வந்து அளக்கும். புதிய சங்கத்துக்கு ஒரு போட்டோ போதும்.

"புதுசுலயே பதிஞ்சிடுங்களேன்," என்றாள் மனைவி. "உங்களுக்கும் அலைச்சல் இல்லை."

அங்கேதான் பொறி தட்டியது. இருபது வருடத்தில் என் அலைச்சலைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. இதில் ஏதோ இருக்கிறது.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று, பக்கத்து வீட்டு டயர்க்கடைக்காரரின் காளையைப் படம் பிடித்துப் புதிய சங்கத்துக்கு அனுப்பினேன். அந்தக் காளையின் அப்பன் யாரென்று அதன் அம்மாவுக்கே தெரியாது.

காத்திருந்த நாட்களில் வீட்டில் சந்தேகத்துக்குப் பஞ்சமில்லை. வியாழக்கிழமை மாலை தொழுவத்துக்குப் போனேன். பசுவின் மூக்கு முழுக்கக் கறுப்பு மை.

"இதோட மூக்குல எப்படி மை வந்துச்சு?"

"மோந்து பார்த்திருக்கும்."

"எதை?"

"மையைத்தான்."

"உன் தையல் டேப் ஏன் இங்க கிடக்குது?"

"இடுப்பு பெருத்திருக்கான்னு அளந்தேன்."

"யாருக்கு?"

"மாட்டுக்குத்தான். உங்களுக்குன்னா ரெண்டு டேப் வேணும்."

திண்டில் இரண்டு தேநீர் டம்ளர்கள் வேறு. ஒன்று அவளுடையது. இன்னொன்று? மாட்டுத் தரகன்!

"உண்மையைச் சொல்லு. விக்கப் போறியா?"

"உங்களையா? யாருங்க வாங்குவா?"

ஆறாம் நாள் சான்றிதழ் வந்தது. வண்ணப் படம், தங்க முத்திரை. 'தூய இனப் பசு.' டயர்க்கடைக்காரர் அதை இரண்டு தடவை படித்தார்.

"சார், காலையில எத்தனை மணிக்குக் கறக்கணும்?"

போதும். அவள் சொன்ன சங்கம் போலி. அப்படியானால் பழைய சங்கம்தான். மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அங்கே போனேன். செயலாளர் என் விலாசத்தைக் கேட்டதும் எழுந்து கைகொடுத்தார்.

"அந்த வீட்டு ஐயாவா? போன வியாழக்கிழமைதானே வந்தேன். அருமையான தேநீர்."



பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புத் தடம். "மூக்கு ரேகை சார். மனுஷனுக்குக் கட்டைவிரல் மாதிரி. ஒரு மாட்டுக்கு இருக்கிறது இன்னொண்ணுக்கு இருக்காது." எதிரே, உரிமையாளர்: என் மனைவி. கீழே மூன்று தலைமுறை வம்சம், மாமனார் கையெழுத்தில்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே!"

"அம்மா போன்லயே சொல்லிட்டாங்களே. 'புதுச் சங்கத்தை நல்லதுன்னு சொல்லிட்டேன், அதைச் சோதிக்காம அவர் தூங்க மாட்டார். ஒரு வாரம் அதுலயே ஓடும், அதுக்குள்ள வந்துடுங்க'ன்னு."

பதிவேட்டை என் பக்கம் இழுத்து வரி வரியாகத் தேடினேன்.

"இதுல என் பேரு... எங்கேயுமே இல்லையா?"

"ஏன் இல்லை?" பக்கத்தைப் புரட்டினார். "இதோ."

இருந்தது. முதல் பெயராக, ஒரே பெயராக, அழுத்தமான எழுத்தில்: 'தினசரி சாணம் அள்ளுபவர்'.