நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பற்றிச் சம்பந்தியம்மாவுக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே சம்பந்தி ஐயா, மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்கத்தான் இந்தக் கடிதம். திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் என் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். "மூஞ்சி உப்பிக் கிடக்கும்மா, என்ன கேட்டாலும் தலையத்தான் ஆட்டறாங்க, நீ என்னத்தம்மா எழுதித் தொலைச்ச?" என்று போனில் கேட்டாள். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். அங்கே ஒன்றுமில்லை.

நான் புத்தகம் எழுதியது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் யாரும் இல்லை, நானே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நாற்பது வருடம் தையல்கடை நடத்தியதைக் கோடு போட்ட நோட்டில் எழுதினேன், என் மருமகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அச்சுப் புத்தகம் இல்லை, போனில் படிக்கிறது, மின்னூல் என்கிறார்கள். பதிப்பகம் என்ற கட்டத்தில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டாள், வேறு யார் இருக்கிறார்கள், என் பெயரையே போடச் சொன்னேன். படிப்பு என்ற இடத்தில் 'ஐந்தாம் வகுப்பு, வகுப்பில் முதல்' என்று போடச் சொன்னேன், அதைச் சுருக்கப் பார்த்தாள், நான் விடவில்லை. வெளிவந்த அன்றே சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று செய்தி அனுப்பினேன். உங்களுக்கு நூற்றுப் பன்னிரண்டு. அங்கேதான் வந்தது வினை.

எனக்குக் கண் மங்கல், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துத்தான் படிக்கிறேன். எழுத்துப் பெருத்தால் பக்கமும் பெருகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? என்னிடம் அறுநூற்று நாற்பது பக்கம் ஓடுகிற புத்தகம் உங்கள் போனில் நூற்றைம்பதில் முடிந்துவிடுகிறது. என் தம்பி பெண்டாட்டி கூப்பிட்டு, "முந்நூறாம் பக்கத்துல வர்றேன்னீங்களே அண்ணி, புத்தகமே அதுக்கு முன்னாடி முடிஞ்சு போச்சு, நான் செத்துட்டேனா?" என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. ஒரே மாதிரிச் சட்டைதான், ஆளுக்கு ஆள் துணி கூடும் குறையும் என்று நாற்பது வருடம் ஊருக்கே சொன்னவள் நான்.

உங்களுக்கு நான் காட்ட நினைத்தது, கல்யாணத்தன்று என் பெண்ணின் ரவிக்கைக் கொக்கி பிய்ந்த கதை. தையல்காரி பெண்ணுக்கே இந்தக் கதி என்று கூட்டம் சிரிப்பதற்குள், நீங்கள் அறைக் கதவைச் சாத்தி, உங்கள் பையிலிருந்த ஊசியை எடுத்து நீங்களே தைத்துவிட்டு, இன்றுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அதை எழுதும்போது அழுதுவிட்டேன். உங்கள் போனில் அது இருபத்தாறாம் பக்கம். நூற்றுப் பன்னிரண்டில் இருப்பது வேறு ஒரு பெண்மணி. தைத்துக் கொடுத்த நீல ரவிக்கையை ஒரு விசேஷத்துக்கு நாள் முழுக்கப் போட்டுவிட்டு, மறுநாள் கழுத்தில் பவுடரோடு கொண்டுவந்து, "இறுக்குது, எனக்கு வேணாம்" என்று மேசையில் வைத்தவர். அவர் நீங்கள் இல்லை. அவர் ஒல்லி. அந்தக் காலத்தில் நீங்களும் ஒல்லிதான், அது வேறு விஷயம். நீங்கள் கொண்டுவந்தது பச்சை, இவருடையது நீலம். மறைப்பானேன், நோட்டில் நானும் பச்சை என்றுதான் எழுதியிருந்தேன். "கலரையாவது மாத்துங்க அத்தை, அண்ணி அந்த வீட்ல வாழணும்" என்று மருமகள்தான் சொன்னாள், மாற்றினேன். நாம் சம்பந்தியாவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்தது, நானும் இத்தனை நாள் வாயைத் திறக்கலை, இப்போ கை எழுதிடுச்சு, வாய் இன்னும் சொல்லலை.

கோபம் என்மேல் இருக்கட்டும். என்னைத் திட்டுங்கள், புத்தகத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போடுங்கள். என் பெண்ணிடம் மட்டும் பேசிவிடுங்கள். உப்பு குறைச்சல் என்றாவது சொல்லுங்கள். நீங்கள் குறை சொல்லாமல் அவளுக்குச் சமைக்கக் கை வரவில்லையாம்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், சம்பந்தி ஐயாவுக்கு வணக்கம், உங்களுக்கு எதைச் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களோ அது.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா,
நூலாசிரியர், பதிப்பாளர்.

பின்குறிப்பு: உறையில் போடும்போது பெண் மறுபடி கூப்பிட்டாள். நீங்கள் வீட்டில் சொல்லாமல் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தீர்களாம், வாயைத் திறக்கக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருக்கிறாராம், சம்பந்தி ஐயா இப்போதுதான் விஷயத்தை உடைத்தாராம். புத்தகத்தை நீங்கள் இன்னும் திறக்கவே இல்லையாம். திறக்காமலே ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறீர்களாம், பெரிய மனசு. ஆகவே இந்தக் கடிதத்தை நீங்கள் பின்குறிப்பிலிருந்து படித்தால் போதும். கிழித்துப் போடத்தான் கையில் எடுத்தேன். திருப்பிப் படித்தால் நன்றாக வந்திருக்கிறது, மனசு வரவில்லை. "நீ பாட்டுக்கு லெட்டர் கிட்டர் எழுதிடலையேம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். நீங்களும் கடிதம் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.