நீதிமன்ற வாசலுக்கு ஒரு மூக்கு

அன்புள்ள வில்மா அக்காவுக்கு, தங்கை ஆர்லீன் எழுதுவது. நானும் டெல்மரும் நலம். குழந்தை லெனோராவும் நலம்தான். அவள் மூக்கைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் மாவட்ட நீதிமன்ற வாசல் உனக்கு நினைவிருக்கும். என் கல்யாணப் பதிவுக்கு வந்தபோது அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய்ப் படி தடுக்கி விழப் பார்த்தாயே, அதேதான். அந்த அகன்ற சுண்ணாம்புக்கல் வளைவின் உச்சிக் கல்லில் ஒரு முகம் செதுக்கியிருக்கிறதல்லவா, அது எங்கள் கொள்ளுத்தாத்தா என்று என் மாமனார் சொல்கிறார். இல்லை, எங்கள் தாத்தா என்று இதே ஊர் டெபி குடும்பம் சொல்கிறது. இதனாலேயே இரண்டு வீட்டாரும் தேவாலயத்தில்கூட எதிரெதிர்ப் பக்கம்தான் உட்காருவார்கள். போன வசந்தத்தில் ஆலங்கட்டி மழையில் அந்த முகத்தின் மூக்கு உடைந்து விழுந்தது. புது மூக்கு வைக்க வந்த கல்தச்சர் ஹார்லன், எந்த மாதிரி மூக்கு என்று ஊர்க்கூட்டத்தில் கேட்க, மாமனார் துள்ளி எழுந்து, "ஏன்யா தேடுறீங்க? அந்த மூக்கு எங்க வீட்டுத் தொட்டில்ல உயிரோட கெடக்கு!" என்று சொல்லிவிட்டார். "அது மூக்கா, உருளைக்கிழங்கா?" என்றார் வெர்னன் டெபி.

மறுநாளே ஹார்லன், மூக்கை அளக்கக் கவராயமும் அச்செடுக்கக் களிமண்ணுமாக வீட்டு வாசலில் நிற்கிறார். களிமண்ணை அப்பினால் குழந்தை எப்படி மூச்சு விடும்? அது போகட்டும், அவள் மூக்கை ஊர் நடுவில் மாட்டிவிட்டால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அவளை என்னவென்று கூப்பிடுவார்கள்? முடியாது என்று கதவைச் சாத்திவிட்டேன். "ஜனாதிபதிக்கே இந்த ஊர்ல கல்லுல மூக்கு கெடையாதும்மா!" என்று மாமனார் கண் கலங்குகிறார். சரி, கதவைச் சாத்தியதற்கு மன்னிப்பாவது கேட்போம் என்று நீதிமன்றத்துக்குப் போனேன். ஹார்லன் சாரத்தின் மேல் இருந்தார், நானும் ஏறிவிட்டேன். அக்கா, கல்லூரியில் வளைவுகளைப் படத்தில் பார்த்தே மதிப்பெண் வாங்கியவள் நான். இவ்வளவு பக்கத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்! அவ்வளவு கனமான கற்கள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, ஏதோ மாலை போட்டது போல நிற்கின்றன. கீழிருந்து யார் கண்ணுக்கும் படாத மூலையில் ஓக் இலைகள், நரம்பு நரம்பாக; நடுவில் அணில் கடித்த கொட்டை ஒன்று. யாருக்காகச் செதுக்கினான் அந்தக் காலத்து மனுஷன்? இந்த அழகுக்கு நடுவில் என் மகள் மூக்கு இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றிவிட்டது. அவள் நாளைக்குக் கல்யாணமோ வழக்கோ எதற்கு அந்தப் படி ஏறினாலும் தன் மூக்குக்குக் கீழேதானே நுழைவாள்! களிமண்ணை அப்பாமல் கண்ணால் பார்த்தே செய்ய வேண்டும் என்று சொல்லி, சாரத்திலேயே சம்மதம் கொடுத்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு நீங்கள் எல்லோரும் அவசியம் வர வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். எல்லோரையும் கடவுள் காப்பாராக.

அன்புத் தங்கை,
ஆர்லீன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டெல்மர் மூச்சிரைக்க ஓடிவந்தார். மூக்கு வைப்பதற்கு முன் அந்த முகத்தைக் கழுவினார்களாம். காதோரச் சுருள்முடி என்று நாங்கள் பெருமைப்பட்டதெல்லாம், புகைக்கரி போனதும் இரண்டு கொம்பாக வந்து நிற்கிறது. அது செம்மறிக் கடாவின் முகமாம். வெர்னன் டெபி எல்லோர் முன்னாலும் தொப்பியைக் கழற்றி, மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருஷமா வீம்பு புடிச்சிட்டேன், மன்னிச்சிருங்க. அது உங்க கொள்ளுத்தாத்தாவேதான்" என்றாராம்.