பின் அச்சு விஷயமாக மச்சானுக்கு எழுதியது

பழங்காநத்தம்
தாது வருஷம் ஆடி மாதம் 28-ம் தேதி

மகா கனம் பொருந்திய மச்சான் நல்லகாமன் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் மைத்துனன், மதுரை வக்கீல் குமாஸ்தா காசிமாயன் கைகட்டி நின்று எழுதிக்கொண்டது. இவ்விடம் என்னையும் தங்கள் மோட்டாரையும் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் என் அக்காள் ராமக்காளும் மருமகப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க அழகர் துணை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் கோரிப்பாளையம் முச்சந்தியில் நான் வேட்டியில்லாமல் நின்றதாகத் தங்கள் காதுக்கு வந்திருக்கும். அது பொய்யல்ல. ஆனால் கோட்டு இருந்தது, அங்கவஸ்திரம் இருந்தது, தலைப்பாகையும் இருந்தது. குமாஸ்தாவுக்கு மரியாதை தலைப்பாகையில்தான் இருக்கிறது என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

அழகர்கோயில் ஆடிப் பௌர்ணமிக்காக வண்டியையும் டிரைவர் சோணையையும் அனுப்பியபோது தாங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "போன மாதிரி வரணும் காசி. வண்டி ஒழுங்கா வந்து சேரட்டும், ஆவணியில கல்யாணப் பேச்ச எடுப்போம்." என் மகள் முருகம்மாளுக்கும் தங்கள் மகனுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றுவது அந்த வண்டியின் நாலு சக்கரத்தின் மேல்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரியாதா? இரவல் கொடுத்த மாட்டுவண்டி ஆரக்கால் விரிந்து வந்ததற்காகச் சொந்தச் சித்தப்பாவோடு இன்றுவரை முகங்கொடுத்துப் பேசாதவர் தாங்கள். அது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை.

கோயிலுக்குப் போய்வரும் வரைக்கும் வண்டி பூனை மாதிரி நடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தங்களிடம் சேர்ப்பிக்க நானே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து புறப்பட்டேன். தெருமுனை திரும்பவில்லை, பின்னாலிருந்து 'கடகட… ணங்' என்றது. நேரே போனால் கடகட, திரும்பினால் ணங். சோணை முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, இந்தச் சத்தத்தோட கொண்டுபோனா பெரியவரு என்னையத் தோலை உரிச்சிருவாரு" என்றான். என் தோலைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

கோரிப்பாளையத்தில் ஜட்கா வைத்திருக்கும் பாய் ஒருவர், சத்தத்தை வைத்தே எந்த வண்டிக்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவார் என்று எங்கள் கட்சிக்காரர் ஒருவர் சொல்லியிருந்ததால் உடனே ஆற்றைத் தாண்டி அங்கே போனேன். பாய் கண்ணை மூடிக் கேட்டார். "அரே குமாஸ்தா, உள்ள என்னத்த ஏத்தியிருக்கீங்க?" என்றார். "ஒண்ணும் ஏத்தல பாய், வெறும் வண்டி" என்றேன். "வெறும் வண்டி இம்புட்டுப் பேசாதே! அடியில படுத்துக் கேளுங்க, நான் குதிரைக்குப் புல்லு போட்டுட்டு வாரேன்" என்று போய்விட்டார். நானும் படுத்தேன். "சோணை, லேசா நகட்டுடா" என்றேன். அவன் நகட்டினான். அடியில் சுழலும் தண்டு என் வேட்டி நுனியைப் பிடித்தது, நான் இடுப்பைப் பிடித்தேன், தண்டு ஜெயித்தது. வேட்டி தர்கா வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பி வந்தது. அதற்குள் நம் கோர்ட்டுக்கு வருகிற பாதிப் பேர் அந்த வழியாகப் போய்விட்டார்கள். எதிர்க்கட்சி வக்கீல் மட்டும் நின்று நமஸ்காரம் செய்தார்.

வீட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் கிருபாகரன் சயன்ஸ் முறைப்படி பார்ப்பதாக முன்வந்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார், குடையைச் சீட்டில் ஊன்றினார், பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். பெரிய ஆபரேஷனுக்கு நிற்கிற டாக்டர் முகம் எப்படி இருக்குமோ எனக்குத் தெரியாது, அவர் முகம் சாமியாடி முகம் மாதிரி இருந்தது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும், "சந்தேகமே இல்ல சார். சத்தம் எனக்கு நேர் அடியில. பின் அச்சுப் பெட்டிக்குள்ள பல்சக்கரத்துல பல்லு ஒடஞ்சிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்புறம் செல்லூரிலிருந்து லூர்துராஜை வரவழைத்தேன். தறிச் சாமானும் மோட்டாரும் சேர்த்துப் பார்க்கிற பட்டறைக்காரர். வேப்பமரத்தடியில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின் அச்சைப் பிரித்து, பெரிய பல்சக்கரத்தை வெளியே எடுத்துத் துடைத்தார். "அண்ணே, எல்லாப் பல்லும் முத்து மாதிரி இருக்கு. உங்க வாயில இம்புட்டு இருக்கா?" என்றார். இல்லைதான். எண்ணெய் போட்டு மறுபடி பூட்டச் சொன்னேன். பூட்டும்போது, "இந்தச் சக்கரம் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"கழட்டுனவரு நீரு!"

"நீங்க உங்க மச்சானப் பத்திச் சொன்ன கதையில கவனம் போயிருச்சுண்ணே."

கதையென்றால் தங்கள் பெருமைதான். சோணை, "எடதுன்னு நெனைக்கேன்" என்றான். "கல்யாணப் பேச்சுக்குப் போற வண்டிடா. எடது பக்கம் எவனாவது வைப்பானா? வலதுல வைங்கய்யா" என்று நான்தான் சொன்னேன். லூர்துராஜ் வைத்துப் பார்த்து, "ரெண்டு பக்கமும் பொருந்துது, உங்க இஷ்டம்" என்றார். வலதுபுறம் வைத்ததும் சொன்ன பேச்சுக் கேட்டு உட்கார்ந்துகொண்டது. சத்தத்துக்குக் காரணமே வெள்ளைக்காரன் அதை இடப்பக்கம் வைத்ததுதான் என்று இப்போது எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவனுக்கு இந்த சாஸ்திரமெல்லாம் எங்கே தெரியும்?

வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. சுகமான வண்டியின் முதல் ஓட்டம் தங்கள் வாசலுக்கே இருக்கட்டும் என்று நான்தான் தடுத்துவிட்டேன். நாளைக் காலையில் சோணை கொண்டுவருவான். அவன் வாய் திறப்பதற்கு முன்னால் அவன் கையிலிருக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துவிடக் கோருகிறேன். போன மாதிரியே வரும், சொல்லப்போனால் போனதைவிடச் சீராக வரும்.

அக்காளுக்கு என் வணக்கம். மருமகப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். தங்கள் காட்டில் பருத்தி வெடித்து, வீட்டில் நல்ல காரியம் நடந்து, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக் கருப்பசாமி கண் திறக்கட்டும். தங்கள் தங்கை முறையான என் மனைவி சின்னத்தாய் நாலு நாளாக ஏதோ ஒரு வரி எழுதச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மிஷின் விஷயம் முடியட்டும், கடைசியில் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்களுக்கு அடங்கிய மைத்துனன்
காசிமாயன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன். "பின்சீட்டுக்கு அடியில தேங்கா இருக்கு, மதினிய எடுத்துக்கச் சொல்லுங்கன்னு எழுதிட்டீகளா?" என்று சின்னத்தாய் கேட்டாள். எந்தத் தேங்காய் என்றேன். "வெள்ளிக்கிழம வண்டி கெளம்பையில பித்தளப் போணியில ரெண்டு தேங்கா வச்சேன்ல. எரவல் வாங்குனத வெறுமனேயா திருப்பிக் குடுப்பாக? சொளகு வாங்குனாலே ஒரு பிடி அரிசி போட்டுத்தான குடுக்கோம்" என்றாள். எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை. ஆனால் சோணை முன்னால் போகக் கியர் போட்டால் வண்டி பின்னால் போகிறது. பின்னால் போகப் போட்டால் முன்னால் வருகிறது, அதுவும் எருமை நடையில். லூர்துராஜ் மாதா திருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டார். ஆகையால் சோணை கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே ஓட்டி வருவான். நின்று நின்று வரவேண்டியிருப்பதால் தபாலே முந்தும் என்று இதற்கு ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன். வண்டி தங்கள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேங்காயைச் சின்னத்தாய் போணியோடு மறுபடி உள்ளே வைத்துவிட்டாள்.