ஒரு அடி கூட நடக்க மாட்டேன்

வயிற்றில் முக்கால் பங்கை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த ஆறாம் நாள் காலை, மிச்சமிருந்த கால் பங்கின் மேல் கை வைத்து ஒரு சபதம் செய்தேன். இன்றைக்கு ஒரு அடி கூட நடப்பதில்லை.

நான் ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவன். ஊரே என்னிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கெங்கோ போகும். நான் நகர மாட்டேன். அப்படி உட்கார்ந்து சேர்த்த நூற்று முப்பத்தாறு கிலோவைக் கரைக்கத்தான் இந்த ஆபரேஷன். என் மனைவியோ பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘விசில்’. டாக்டர் சீட்டில் ‘நடக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தாலும் கொடுத்தார், வீடு மைதானமாகிவிட்டது.

“எழுந்திருங்க. ஹால்ல பத்து ரவுண்டு.”

“முடியாது. வயித்துல அஞ்சு ஓட்டை. தோள்பட்டையில வாயு குத்துது.”

“நடந்தாத்தான் வாயு போகும். நடக்கலைன்னா கால்ல ரத்தம் கட்டும்.”

“முக்கால் போய் கால்தான் மிச்சம். அந்தக் காலையும் தேய்க்கச் சொல்றியே!”

அவள் சிரிக்கவில்லை. “ஆபரேஷன் முடியற வரைக்கும் மூணு மணி நேரம் தியேட்டர் வாசல்ல நின்னேன். உக்காரச் சொன்னாங்க. முடியலை.”

மனசு கொஞ்சம் இளகியது உண்மை. ஆனால் சபதம் சபதம்தான்.

“நடக்க மாட்டேன். இதான் முடிவு.”

சண்டைக்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

“சரி, நடக்க வேண்டாம்” என்றாள். பையை எடுத்தாள். பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

கல்யாணமான பதினேழு வருஷத்தில் என் முதல் வெற்றி! கொண்டாட வேறென்ன இருக்கிறது? கால் மணிக்கு ஒரு தரம் இரண்டு வாய் தண்ணீர்தான் எனக்கு ஆகாரம். கை நீட்டினால் பாட்டிலைக் காணோம். சமையலறைக்குப் போனேன். அங்கும் பாட்டில் இல்லை, சொம்பு இல்லை, டம்ளர் இல்லை. குழாயடியில் மருந்து பாட்டில் மூடி ஒன்று மட்டும் இருந்தது. அதில் பிடித்துக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் எங்கேயோ வைத்து மறந்துவிட்டாள், பாவம். கால் மணி கழித்து மறுபடி போனேன்.

படுக்கையறையில் போன் அடித்தது. சார்ஜில் போட்டிருந்தாள். பேட்டரி கெட்ட பழைய போன். பிடுங்கினால் செத்துவிடும். போய் நின்றபடியே பேசினேன்.

“நடக்கலையே?”

“ஒரு அடி கூட இல்லை!”

“நல்லது. நடக்காதீங்க.”

இதைச் சொல்ல மணிக்கு ஒரு போன்!

வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர்.

“ஸ்க்ரூ டிரைவர் இருக்குமா சார்?”

கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி மணி.

“இது சின்னதா இருக்கு. பெரிசு?”

பெரியதைக் கொடுத்தேன். மறுபடி மணி.

“இது ரொம்பப் பெரிசு.”

ஐந்தாம் தடவை எனக்குப் பொறுக்கவில்லை. “மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கீங்க. உங்ககிட்ட இல்லாத ஸ்க்ரூ டிரைவரா?”

அவர் முகம் வெளுத்தது. “அதைத்தான் சார் தேடிட்டிருக்கேன்” என்று ஓடிவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஓர் அதிசயம். தோள்பட்டைக் குத்தல் போன இடம் தெரியவில்லை. மூச்சு லேசாக வந்தது. பார்த்தீர்களா, நடக்காமல் இருந்ததன் பலன்!

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தேன். “சொன்னதைச் செஞ்சேன். ஒரு அடி நடக்கலை. வாயுவும் போச்சு. உன் டாக்டரை வந்து எங்கிட்ட பாடம் படிக்கச் சொல்லு.”

அவள் பக்கத்தில் வந்து குனிந்து, என் இரண்டு கெண்டைக்காலையும் அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை. ஒரு பெரிய மூச்சு விட்டாள். பிறகு விரல் மடக்கினாள்.

“தண்ணிக்கு இருபத்தெட்டு தடவை. போனுக்கு ஏழு. வாசலுக்கு அஞ்சு. மொத்தம் நாப்பது. போக வர முப்பத்தஞ்சு அடின்னு வெச்சாலும் ஆயிரத்து நானூறு. டாக்டர் கேட்டது ஆயிரம்தான்.”

“அப்போ... அந்தக் கண்ணாடிக்காரர்?”

“அவர் மனைவி என் சிநேகிதி. அவருக்கு மட்டும் வேற வழி இருக்கா?”

நான் தளரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். “இன்னிக்கு ஏமாந்துட்டேன். நாளைக்குப் பாரு!”

அவள் டாக்டர் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நாளையிலேருந்து மாடிப்படியாம். ஏற மாட்டேன்னு இப்பவே சொல்லிடுங்க, ஏற்பாடு பண்ண எனக்கு நேரம் வேணும்.”