வர்ணம் காயாத இரும்புத் தொப்பிகள்

உலகப் போரை வென்றது விமானமும் அல்ல, பீரங்கியும் அல்ல. கிழக்கு லண்டன், பிரிண்டல் தெரு வான்தாக்குதல் காவல் தொண்டர்களின் 'சின்னங்கள் மற்றும் சீருடைத் துணைக்குழு'தான். அதன் செயலாளர் என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

போர் தொடங்கியபோது எங்களிடம் இருந்தது ஆளுக்கொரு கைப்பட்டை, விசில், இரும்புத் தொப்பி. நாட்டைக் காப்பாற்ற இது போதாது என்று முதலில் உணர்ந்தவர் எங்கள் தலைவர் ஆக்கெண்டன், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். குண்டு விழுந்தால் மக்கள் ஓடத்தான் செய்வார்கள், ஆனால் யாரிடம் ஓடுவது என்று தெரிய வேண்டாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே தலைவருக்கு வெள்ளைத் தொப்பி, துணைத் தலைவருக்கு வெள்ளையில் கறுப்புப் பட்டை, மற்றவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து என்று தீர்மானித்தோம். பட்டையின் அகலத்தை முடிவு செய்வதற்குள் எங்கள் தேயிலை ரேஷனில் பாதி காலி.

எல்லோரும் ஒத்துழைத்தார்கள், பொரித்த மீன் கடை நடத்தும் டாப்செல் அம்மையாரைத் தவிர. பெண் தொண்டர்களுக்குப் பாவாடை என்பது விதி. அவரோ இறந்துபோன கணவரின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு காவலுக்கு வந்தார். ஆக்கெண்டன் கண்ணியமாகத்தான் எடுத்துச் சொன்னார்.

"இப்படி நின்னா ஜனங்க உங்கள ஆம்பளைன்னு நெனச்சுடுவாங்க, மிஸஸ் டாப்செல்."

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க சார். பாவாடையோட ஏணியில ஏறுனா, கீழ நிக்கிறவங்க வேற என்னென்னவோ நெனைப்பாங்க."

அவருடைய கைப்பட்டையும் தொப்பியும் 'வருத்தத்துடன்' திரும்பப் பெறப்பட்டன.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, எல்லாத் தொப்பிகளுக்கும் புது வர்ணம் அடித்து, தேவாலயக் கம்பிவேலியில் காய வைத்திருந்தோம். அப்போது பார்த்து அபாயச் சங்கு ஊதியது. ஜெர்மானியர்களுக்கு இங்கிதம் கிடையாது. தெருக்கோடியில் ஹாப்டே தம்பதியரின் வீட்டில் குண்டு விழுந்தது.

நாங்கள் பதறவில்லை. தொப்பியைத் தொட்டுப் பார்த்தோம்; விரலில் ஒட்டியது. 'உரிய சின்னமின்றி எவரும் பணிக்குச் செல்லலாகாது' என்பது நாங்களே ஒருமனதாக இயற்றிய விதி. ஈரத்தோடு போட்டால் பட்டை கலைந்து, துணைத் தலைவர் யார், சாதாரணத் தொண்டர் யார் என்றே தெரியாமல் போய்விடும். கொஞ்சம் பொறுப்போம் என்றார் துணைத் தலைவர். ஆக்கெண்டன் தன் தொப்பியை வாயால் ஊதி ஆற்றினார்.

எங்களைத் தாண்டி டாப்செல் அம்மையார் ஓடினார். தலையில் மீன் பொரிக்கும் சட்டி, காலில் அதே கால்சட்டை. இடிபாட்டுக்குள் புகுந்து ஹாப்டேயின் மனைவியை இழுத்து வெளியே போட்டார். மறுபடி உள்ளே போனார். ஹாப்டேயின் மார்பு மேல் உத்தரம் கிடந்தது. உள்ளிருந்து அம்மையார் கூப்பிடுவது எங்களுக்கு நன்றாகவே கேட்டது. வர்ணம் காய்ந்ததும் பதவி வரிசைப்படி போய்ச் சேர்ந்தோம். ஹாப்டே இறந்திருந்தார்.

திங்கட்கிழமை துணைக்குழு கூடி அம்மையாரை விசாரித்தது.

"எந்த அதிகாரத்துல உள்ள போனீங்க? உங்ககிட்ட சின்னமே இல்லையே," என்றார் ஆக்கெண்டன்.

"ஹாப்டே சின்னம் கேக்கல சார். உத்தரத்தோட அந்த முனையப் பிடிக்க இன்னொரு ஆள் கேட்டாரு. நானும் தொண்ட கிழியக் கூப்பிட்டேன்."

குறிப்பேட்டில், 'எச்சரித்து விடுவிக்கப்பட்டார்' என்று எழுதினேன். அன்று எங்கள் தரப்பில் ஒரு விதிமீறல்கூட நிகழவில்லை என்பதையும் பெருமையுடன் பதிவு செய்தேன்.

ஹாப்டேயின் அடக்கத்துக்கு முழுச் சீருடையில் போனோம். பட்டைகள் பளிச்சென்று இருந்தன. சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் போதும். நாங்களோ ஒருவர் விடாமல் தோள் கொடுத்தோம். ஹாப்டேக்குக் கைகொடுக்க அன்று ஆளுக்குப் பஞ்சமே இல்லை.