அண்ணன் மடியும் கதிரின் சீட்டும்

பல்லடம்
18.4.98

மரியாதைக்குரிய அக்காவுக்கும் மாமாவுக்கும் தங்கை கலாமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, சென்னியப்பன் அண்ணன், நான், பண்ணையில் உள்ள கோழிகள் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும் குழந்தை கதிர் விழாமல் நடை பழகுவதற்கும் விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள், காரில் குழந்தை சீட்டை ஒழுங்காகக் கட்டியிருந்தால்தான் ஏறுவேன், இல்லாவிட்டால் ஏர்போர்ட் இருக்கிற பீளமேட்டிலேயே மாமியார் வீடு இருக்கிறது, இறங்கியதும் அங்கே போய்விடுவேன் என்று சொன்னீர்கள். உடனே அம்மா ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பேரன் முதலில் நம் வீட்டுப் படிதான் ஏற வேண்டும் என்பது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் போனில் பேச வராது. "சரிங்க்கா" என்று மட்டும் சொன்னேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அந்தச் சரிக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

அமெரிக்காவிலிருந்து உங்கள் சிநேகிதி கொண்டுவந்து கொடுத்த சீட்டுப் பெட்டியைப் பிரித்தபோது அம்மா அதைத் தொட்டில் என்றார்கள். பெரியம்மா சாமியாத்தாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது காது குத்தும்போது உட்கார வைக்கிற நாற்காலி, தாய்மாமன் இல்லாத குழந்தைகளுக்காக அமெரிக்காவில் செய்து விற்கிறார்கள் போல என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து அண்ணனுக்கு அந்தச் சீட்டைக் கண்டாலே ஆகவில்லை. கதிருக்குக் காது குத்த மடி கொடுக்கப் போகிறவர் அவர்தானே. புதுக் கார் வாங்கியதே மருமகனை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வரத்தான். பண்ணையில் வண்டி ஓட்டும் மாசாணத்தை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் பின்னால் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்து வைத்திருந்தார். "தாய்மாமன் மடி இருக்கறப்ப பிளாஸ்டிக் மடி எதுக்குங்கம்மா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் பதில் தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அண்ணன் காரைத் தர மாட்டார் என்று பயந்து அம்மா முதலில் டாக்ஸிக்கார அப்துல் முத்தலிப் பாயை வரச் சொன்னார்கள். அவருடைய அம்பாசிடரில் தேடித் தேடிப் பார்த்தோம், பின் சீட்டில் பெல்ட் என்ற பேச்சே இல்லை. மாசாணம் கன்றுக்குட்டி கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து சீட்டை இழுத்துக் கட்டினான். கட்டு என்னவோ பலமாகத்தான் இருந்தது. ஆனால் கார் தெருமுனை திரும்பியதும் சீட்டும் கூடவே திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. பாய் ரொம்ப மரியாதையாக, குழந்தைக்கு வேடிக்கை பார்க்க வசதியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

அண்ணன் பண்ணைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவருடைய காரில் முன் சீட்டில் வைத்துப் பார்த்தேன். சீட்டோடு வந்த புத்தகத்தில் இருந்த இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், அதனால் படங்களைப் பார்த்தே செய்தேன். முதலில் பெல்ட்டைச் சீட்டின் பின்பக்கத் துளை வழியாக விடாமல், குழந்தையின் வயிறு வருகிற இடத்துக்கு மேலேயே கொண்டுவந்து மாட்டிவிட்டேன். பிறகு படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது. சரியாக விட்ட பிறகும் நிற்கவில்லை. அந்த பெல்ட் சுருளிலிருந்து வருகிறது. வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்கிறது, மெல்ல இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. அதை நிறுத்தத்தான் எச் எழுத்து மாதிரி ஓர் இரும்புத் துண்டு தந்திருக்கிறார்கள். இரண்டு வாரையும் சேர்த்து பக்கிள் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம். அதை வீடு முழுக்கத் தேடினால், அம்மா டீத்தூள் பாக்கெட்டின் வாயில் மாட்டி வைத்திருக்கிறார்கள். காற்றுப் புகாமல் நன்றாகப் பிடிக்கிறது என்று தர மனமில்லாமல் தந்தார்கள். அதை மாட்டியதும் கொஞ்சம் நின்றது. ஆனால் படத்தில் குழந்தை முன்னால் இல்லை, பின்னால் இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் பெல்ட்டே காணோம். கடைக்காரர்கள் கார் சீட்டுகளுக்கு வெல்வெட் கவர் தைத்தபோது பின் சீட்டு பெல்ட்டுகளை எல்லாம் உள்ளே மடக்கி வைத்து மேலே தைத்துவிட்டார்கள். கையால் தடவினால் அடியில் தட்டுப்படுகிறது, எடுக்க முடியவில்லை. அம்மா அண்ணனிடம் பயந்துகொண்டே கேட்டார்கள். புதுக் கவரைக் கிழிக்கிற பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

நேற்று வெள்ளிக்கிழமை காருக்குப் பூஜை போடக் கோயிலுக்குப் போனோம். சுற்றி உடைக்க வாங்கிய பூசணிக்காயை அண்ணன் தன் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "பாரு அம்மணி, இத்தாப் பெருசே எம் மடில அசையாம உக்காந்துட்டு வருது. கதிர் உக்கார மாட்டானா?" என்றார். நான் தலையாட்டினேன். காங்கேயம் ரோட்டில் ஒரு காளைக்கன்று குறுக்கே ஓடி வந்தது. மாசாணம் பிரேக் போட்டான். அவ்வளவுதான். பூசணிக்காய் அண்ணன் கையை விட்டு முன் சீட்டுகளுக்கு நடுவே பறந்து போய் கியர் கம்பியில் மோதிப் பிளந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் பட்டுப்புடவை முழுக்க விதை. அம்மா, "கோயில்ல ஒடைக்கறத இங்கியே ஒடைச்சாச்சு, திருஷ்டி போச்சு சாமி" என்று புடவையைத் தட்டிவிட்டார்கள்.

மாசாணம் திரும்பிப் பார்த்து, "மெதுவாத்தானுங்க வந்தேன் மொதலாளி" என்றான். மெதுவாகத்தான் வந்தான், எனக்கும் தெரியும். அண்ணன் வெறும் கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "இறுக்கித்தான் கண்ணு புடிச்சிருந்தேன்" என்றார். அதுவும் உண்மைதான் அக்கா. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அவ்வளவு பிரியமாகப் பிடித்தும் கை விட்டுவிடுகிறது என்றால் அது கையின் குற்றமும் இல்லை, பிரியத்தின் குற்றமும் இல்லை. நீங்கள் போனில் ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசினீர்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் மேல் எனக்கு இருந்த சின்ன வருத்தமும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் பிளேடை எடுத்துக் கவரை அறுத்தார். ஓரத்து பெல்ட்டுகள் முன்னால் இருப்பது போலச் சுருள் பெல்ட்டுகள். நடுவில் மட்டும் இடுப்புக்குக் கட்டுகிற வார், சுருள் கிடையாது. நுனியைப் பிடித்து இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கிறது. அதை மாட்டி அண்ணன் வேர்க்க வேர்க்க இழுத்தார். சீட் இன்னும் ஆடியது. எனக்குப் படம் ஞாபகம் வந்தது. எப்படித்தான் வாய் வந்ததோ, "முழங்காலை வெச்சு அமுத்திக்கிட்டு இழுங்கண்ணா" என்றேன். அவர் அப்படியே செய்தார். பிறகு சீட்டைப் பிடித்து ஆட்டினால் காரே ஆடியது, சீட் ஆடவில்லை. "இத்தன நாளா இதச் சொல்றதுக்கென்ன கண்ணு?" என்று கேட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகையால் நீங்கள் எந்தக் கவலையும் இல்லாமல் நேராக நம் வீட்டுக்கே வரலாம். காது குத்தும்போது மடி அண்ணனுடையதுதான். கோயிலில் அந்த மடி எங்கேயும் ஓடப் போவதில்லை, யாரும் பிரேக் போடப் போவதும் இல்லை. மாமாவுக்கு என் வணக்கம். கதிருக்கு எல்லோருடைய முத்தங்களும். நீங்கள் எல்லாச் செல்வமும் பெற்று நல்லபடியாக வந்து சேர அம்மாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கை கலாமணி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில், ஏர்போர்ட்டுக்கு யார் யார் வருவது என்று கூடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். ஓட்டுவது மாசாணம். முன்னால் அம்மா. பின்னால் ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் பெரியம்மா, நடுவில் கதிர். எல்லோருக்கும் ரொம்பத் திருப்தி. உங்களுக்கு இடமில்லை என்பது இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. நான் நேற்று அண்ணனிடம் பேசியதே இந்த வருஷத்துக்குப் போதும் என்று இருக்கிறது. தயவுசெய்து நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.