வீணானது: ஒன்று

உலகத்தை இதுவரை காப்பாற்றி வந்தது கட்டம் ஒன்றுதான். ஜாதகத்தில் கட்டம், பரீட்சைத் தாளில் கட்டம், ரேஷன் கடை நோட்டில் கட்டம், லுங்கியில்கூடக் கட்டம். கட்டத்துக்குள் எழுதப்படாத மனிதன் பிறந்தான் என்பதற்கே ஆதாரம் கிடையாது. இந்த மாபெரும் உண்மையை முழுதாக உணர்ந்தவர் நாமக்கல் மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் ஜீவானந்தம். பதவி, தடுப்பூசி முகாமின் 'பதிவுப் பொறுப்பாளர்'.

முகாம் நடந்த ஊர் புதுச்சத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பெயரைச் சொன்னால் அவருக்கு மெமோ வரும் என்பதால் விட்டுவிடுவோம். இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம். கொரோனா இரண்டாவது தடவையாக ஊரைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தது. ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து முகாம் போட்டிருந்தார்கள். மணமகன் அறையில் ஊசி. மணமகள் அறையில் அரை மணி நேர ஓய்வு. மேடையில், மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனத்தில், மடியில் லேப்டாப்போடு ஜீவானந்தம். பக்கத்துச் சிம்மாசனம் காலியாக இருந்தது. அதில் ரெஜிஸ்டரை உட்கார வைத்திருந்தார்.

அன்று வரிசையில் வந்தவர்களில் ஒருவர் ஜெஸ்ஸி. வயது நாற்பத்தாறு. பிறந்தது தான்சானியாவில், டோடோமா பக்கம் ஒரு கிராமம். அங்கே போர்வெல் போடப் போன நம்மூர் மிக்கேல், தண்ணீருக்கு முன்னால் ஜெஸ்ஸியைக் கண்டுபிடித்து, அங்கிருந்த மாதா கோயிலிலேயே கல்யாணம் முடித்துக் கூட்டி வந்து பதினோரு வருடம் ஆகிறது. மிக்கேல் இப்போது ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். ஜெஸ்ஸி இங்கே பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிக் குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்து போடும் பெண்கள் குழுவுக்குத் தலைவி.

பண்ணைத் தூசியில் அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. இந்த நெஞ்சுக்குக் கொரோனா வந்தால் தாங்காது, ஊசியை உடனே போடுங்கள் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்தார். பக்கத்து வீட்டு ராமாயியை ஆம்புலன்ஸ் ஏற்றிப் போய் எட்டு நாள் ஆகிறது. ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. ராமாயி வரவில்லை. ஜெஸ்ஸிக்கு அன்று முதல் தூக்கமில்லை. பயம் என்றால் நிஜமான பயம்.

"ஆதார் குடுங்க அம்மிணி" என்றார் ஜீவானந்தம்.

"ஆதார் இல்லீங்க சார். மூணு தடவை போனேனுங்க. மெஷின்ல ரேகை உழுக மாட்டேங்குது. கோழி கீறிக் கீறி வெரலெல்லாம் தேஞ்சு போச்சுங்க."

தான்சானியாக்காரர் பேசிய தமிழைக் கேட்டு, வரிசையில் நின்ற சேலத்துக்காரர் ஒருவர் தன் தமிழைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தார். ஜீவானந்தம் அசரவில்லை.

"ஓட்டர் ஐடி?"

"ஓட்டுப் போட உட மாட்டாங்களே சார்."

"பென்ஷன் புத்தகம்?"

"வேலைக்கே இப்பத்தானுங்க போயிட்டிருக்கேன்."

"பாஸ்போர்ட்?"

"இதா, இருக்குதுங்க!"

ஜீவானந்தம் அதை முன்னும் பின்னும் புரட்டினார். "பாஸ்போர்ட் இருக்குது. ஆனா இது உங்க பாஸ்போர்ட்."

"என்றதைத்தானுங்களே நான் கொண்டாருவேன்?"

"இந்தியப் பாஸ்போர்ட்டா இருக்கோணும். கட்டத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

"கொரோனாவும் வெளிநாட்டுதுதானுங்களே சார்? அதை உள்ளே உட்டுட்டீங்க."

"அது பதிவு பண்ணாம வந்துருச்சு" என்றார் ஜீவானந்தம். அவர் குரலில் அந்தக் கிருமியின் ஒழுங்கீனம் குறித்த உண்மையான வருத்தம் இருந்தது.

ஆனால் அவரைக் கல்நெஞ்சர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நிலைமையின் தீவிரம் கருதி உடனடியாக ஓர் 'உயர்மட்டக் கலந்தாய்வுக் கூட்டம்' கூட்டினார். இடம், மணமகன் அறை. கலந்துகொண்டோர், ஜீவானந்தமும் நர்ஸ் சண்முகப்பிரியாவும்.

"மத்தவைன்னு ஒரு கட்டம் இருக்குதே சார், அதுல சேத்திரலாமுங்களா?"

"அது ஆணா பெண்ணாங்கற எடத்துல இருக்குது. நாடுங்கற எடத்துல இல்லை."

"அப்ப மேலிடத்துக்குக் கேளுங்க."

மேலிடம் நான்காவது தடவை போனை எடுத்தது. கடிதம் எழுதச் சொன்னது. 'பொருள்: கட்டமின்மை – தெளிவுரை கோருதல்' என்று ஜீவானந்தம் மூன்று பக்கம் எழுதினார். அவருடைய பணிக்காலத்திலேயே ஆகச் சிறந்த கடிதம் அது. எழுதி முடித்துச் சத்தமாக ஜெஸ்ஸிக்கே படித்துக் காட்டினார். ஜெஸ்ஸி கேட்டுவிட்டு, "நல்லா இருக்குதுங்க. எப்பப் பதில் வரும்?" என்றார்.

"பதில் வர்றதுக்கு முன்னால ஒரு நினைவூட்டுக் கடிதம் போடோணும். அதுக்கு முப்பது நாள் காத்திருக்கோணும்."

ஜெஸ்ஸி பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். போக மனசு வரவில்லை. மருந்து இருக்கும் இடத்தை விட்டு எழுந்து போனால், திரும்பி வர மூச்சு இருக்குமோ என்று தோன்றியது.

மாலை நான்கு மணிக்கு சண்முகப்பிரியா மேடைக்கு ஓடி வந்தாள். "சார், கடைசிக் குப்பியில பத்துப் பேருக்கு மருந்து. ஒம்பது பேருக்குத்தான் போட்டிருக்குது. பத்தாவது ஆளு ரங்கண்ணன், ரெண்டாவது தவணைக்கு வந்தவரு, ஊசியைப் பாத்துட்டு மரவள்ளிக் காட்டுக்குள்ள ஓடிட்டாருங்க. உடைச்சு நாலு மணி நேரம் ஆகப்போவுது. இன்னும் பத்து நிமிஷத்துல கீழே ஊத்தோணும்."

"பதட்டப்படாதே. வீணாகறதுக்குக் கட்டம் இருக்குது."

ஜெஸ்ஸி எழுந்தே விட்டார். இது வேறு விதமான அதிர்ச்சி, தொழில்காரரின் அதிர்ச்சி. "ஏனுங்க, உடைச்ச மருந்தை ஊத்தறதா? எங்க பண்ணையில தெரிஞ்சா வேலையை உட்டே நிறுத்திருவாங்க சார்! கோழி நோவு வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்தைக் கலக்கிட்டா ரெண்டு மணி நேரந்தானுங்க. அதுக்குள்ள நாலாயிரம் குஞ்சுக்கும் கண்ணுல சொட்டு உட்டு முடிச்சிருவோம். ஒரு குஞ்சை உட மாட்டோம்."

"நாலாயிரத்துல எதுக்குப் போட்டீங்க, எதுக்குப் போடலைன்னு யார் பதிவு பண்றது?" ஜீவானந்தம் நிஜமான ஆர்வத்தோடு கேட்டார். தொழில் என்று வந்தால் அவருக்குப் பேதம் கிடையாது.

"நாக்குத்தானுங்க பதிவு. மருந்துல நீலச் சாயம் இருக்கும். கண்ணுல உட்டா நாக்குக்கு எறங்கிரும். சூப்பர்வைசர் வந்து நாலு குஞ்சைப் புடிச்சு அலகைத் தொறந்து பாப்பாரு. நீலமா இருந்தாப் போட்டாச்சு. வெளுப்பா இருந்தா என்னைய ஏசுவாரு. குஞ்சை ஏச மாட்டாரு."

"எந்த ஊர்க் குஞ்சுன்னு கேக்க மாட்டாரா?"

"குஞ்சுதானுங்களே சார்."

ஜீவானந்தம் இந்தக் காட்டுமிராண்டித்தனமான நிர்வாகத்தை எண்ணிப் பெருமூச்சு விட்டார். "என்ன பண்றது அம்மிணி. வீணாகறதுக்குக் கட்டம் இருக்குது. உங்களுக்குத்தான் இல்லை."

சண்முகப்பிரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப வீணாக்கிரட்டுமுங்களா சார்?"

"விதிப்படி வீணாக்கு."

"எங்க வீணாக்கோணும்னு விதி இருக்குதுங்களா?"

ஜீவானந்தம் யோசித்தார். அப்படி ஒரு விதி இல்லை. சண்முகப்பிரியா, "வாங்கக்கா" என்று ஜெஸ்ஸியை மணமகன் அறைக்குள் கூட்டிப் போய், அந்த மருந்தை ஜெஸ்ஸியின் இடது தோளில் வீணாக்கினாள். ஜீவானந்தம் கூடவே நின்று மேற்பார்வை செய்தார். பிறகு சிம்மாசனத்துக்கு வந்து எழுதினார். 'வீணானது: ஒன்று. காரணம்: தகுதியுள்ள பயனாளி இல்லை.'

தகுதியுள்ள பயனாளி அல்லாதவர் மணமகள் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதார். போகும்போது, "சீட்டு எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"வீணானதுக்குச் சீட்டுக் கிடையாது அம்மிணி. எண்பத்து நாலு நாள் கழிச்சு வாங்க. ரெண்டாவதைப் பாத்துக்கலாம்."

எண்பத்து நான்காவது நாள் ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. ஜெஸ்ஸியும் வந்தார், கையில் ஒரு பொட்டலம் நாவல் பழத்தோடு. தூரத்திலேயே பார்த்துவிட்ட ஜீவானந்தம் சிம்மாசனத்திலிருந்து குதித்து இறங்கினார். சம்பந்தியை வரவேற்கும் பெண் வீட்டுக்காரர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மிணி! உங்களுக்குக் கட்டம் வந்துருச்சு! எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டா இருந்தாலும் போடலாமுன்னு உத்தரவு! நம்ம கடிதம்தான் வேலை செஞ்சிருக்குது!"

அவருடைய கடிதம் இன்னும் அவருடைய பையிலேயேதான் இருந்தது. அன்றைய பரபரப்பில் அனுப்ப மறந்துவிட்டார். ஆனாலும் மகிழ்ச்சி மகிழ்ச்சிதான். பாஸ்போர்ட் எண்ணைத் தட்டினார். ஜெஸ்ஸியின் பெயர் திரையில் வந்து நின்றது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள். அப்புறம் ஜீவானந்தத்தின் முகம் சுருங்கியது.

"ஒரு சின்னச் சிக்கல். இன்னைக்கு ரெண்டாவது தவணை போடறவங்களுக்கு மட்டுந்தான் மருந்து வந்திருக்குது."

"எனக்கு ரெண்டாவதுதானுங்களே சார்."

"நீங்க மொதலே போடலியே."

"நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களே!"

"நான் பாத்தேன். ரெஜிஸ்டர் பாக்கலை. அது வீணாப் போனது அம்மிணி. இந்தத் திரையில உங்களுக்கு ஊசியே போடலை. மொதல் தவணைக்கு அடுத்த மாசம் வாங்க. இல்லைன்னா, போட்டதுக்கு ஒரு அத்தாட்சி காட்டுங்க."

ஜெஸ்ஸிக்கு ஒரு வாரமாக மறுபடியும் இருமல். மூன்றாவது அலை வரப்போகிறது என்று டிவி தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் என்றால் அவருக்கு அது ஒரு மாதம் அல்ல, முப்பது நாள் மூச்சு. பொட்டலத்தில் மிச்சமிருந்த நான்கு நாவல் பழங்களையும் எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார். கொட்டைகளைப் பொட்டலத்தில் துப்பினார். பிறகு மேடையேறி, பதிவுப் பொறுப்பாளரின் முகத்துக்கு நேராக நாக்கை நீட்டினார்.

நீலமென்றால் அப்படியொரு நீலம்.

"பாத்துக்கோங்க சார். போட்டாச்சு."

வரிசை மொத்தமும் சிரித்தது. மூன்று மாதமாக மரவள்ளிக் காட்டில் குடியிருந்து, அன்று தப்பிய இரண்டாவது தவணைக்கு இப்போதுதான் துணிந்து வந்திருந்த ரங்கன்கூடச் சிரித்தார். ஜீவானந்தம் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து நாக்கை முழுதாகப் பரிசோதித்தார். திரையில் நாக்குக்குக் கட்டம் தேடினார். இல்லை.

"இது நாவல் பழம் அம்மிணி" என்றார் மெதுவாக.

"தெரியுதுங்களா? நாக்கைப் பாத்துப் பழத்தைக் கண்டுபுடிக்கறீங்க. கண்ணு முன்னால போட்ட ஊசி தெரிய மாட்டேங்குது."

வரிசை தீரும் வரை ஜெஸ்ஸி அங்கேயே நின்றார். கடைசியில் சண்முகப்பிரியா மணமகன் அறையிலிருந்து தலையை நீட்டினாள். "சார், கடைசிக் குப்பியில ஒண்ணு மிச்சமாகுதுங்க. ரங்கண்ணன் மறுபடியும் ஓடிட்டாரு. வீணாக்கிரட்டுமுங்களா?"

ஜீவானந்தம் தலையாட்டினார். இந்தத் தடவை வலது தோள்.

அவர் ரெஜிஸ்டரைத் திறந்து, அழகான கையெழுத்தில், 'வீணானது: ஒன்று' என்று எழுதினார். பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. பஞ்சைத் தோளில் அழுத்திக்கொண்டு ஜெஸ்ஸி நின்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது பாத்தீங்களா" என்றார் ஜீவானந்தம் பெருமையோடு. "ரெண்டு தடவையும் விதியை மீறாம உங்களைக் காப்பாத்திட்டோம்."

"ஆமாங்க சார். ரொம்ப நன்றிங்க." ஜெஸ்ஸி பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு ரெஜிஸ்டரைக் காட்டினார். "எங்க பண்ணையிலயும் இதே மாதிரி நோட்டு இருக்குதுங்க. ஆனா, கோழி செத்தாத்தானுங்க சார் அதுல வீணுன்னு எழுதுவோம்."